ஆறு வெள்ளை ஒயின், ஒரு வறுத்த வஞ்சிரம்: மைன்ஸில் ஒரு சனிக்கிழமை

ராத்திரி எட்டரை மணிக்கு மேசையைப் பார்த்தேன். 34 யூரோ கொடுத்து வாங்கிய புட்டியில் பாதிக்கு மேல் அப்படியே நின்றது. 9 யூரோ புட்டி காலி. விருந்துக்கு வந்தவர்கள் யாரும் விலை தெரிந்து குடிக்கவில்லை. விலை தெரிந்தது எனக்கும் என் கணவருக்கும் மட்டும்தான். ஆகவே எங்கோ கணக்குத் தப்பியிருக்கிறது. அன்று சுவைத்துக்கொண்டே ஆளாளுக்கு ஒரு தாளில் கிறுக்கி வைத்ததைச் சேர்த்துப் பார்த்து, எங்கே தப்பியது என்று எழுதி வைக்கிறேன்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், ரைன் நதிக்கரையில் உள்ள மைன்ஸ் நகரம். ஆற்றுக்கு அக்கரை ரைன்காவ், இக்கரையில் தெற்கே நீளும் ரைன்ஹெசன்; பரப்பளவில் இந்த நாட்டின் மிகப் பெரிய ஒயின் வட்டாரம். இங்கே ஒயின் பெரிய மனிதர்களின் பானம் இல்லை. சனிக்கிழமை காலையில் பெரிய தேவாலயத்தை ஒட்டிய சந்தையில் காய் வாங்க வந்தவர்களே கையில் ஒரு கிளாஸோடு நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஊரில் டீக்கடை வாசலில் நிற்பது மாதிரி. அந்தச் சந்தையில்தான் இந்த யோசனையே பிறந்தது: நம்ம சாப்பாட்டை வைத்து ஒரு நாள் வெள்ளை ஒயின் சுவைத்துப் பார்த்தால் என்ன?

சுவைத்தவர்கள் ஆறு பேர். மதுரைக்காரர்களான நாங்கள் இருவர், காரைக்குடித் தம்பதி, தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நண்பர், அப்புறம் எங்கள் பக்கத்து வீட்டு ஜெர்மானியர். அவர் திராட்சைத் தோட்டக் குடும்பத்தில் பிறந்து, தோட்டத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு வங்கி வேலைக்குப் போனவர். யாழ்ப்பாண நண்பரின் மனைவி குடிப்பதில்லை; இரண்டு பிள்ளைகளோடும் ஒரு பெரிய தூக்கில் சொதியோடும் வந்திருந்தார். அந்தச் சொதிதான் பின்னால் இந்தக் கதையைத் திருப்பப் போகிறது என்று அப்போது தெரியாது.

ஆறு புட்டி, ஆளுக்கு ஒரு புட்டியிலிருந்து 50 மில்லி. அப்படி ஊற்றினால் முதல் சுற்றில் 300 மில்லிதான் போகும். 750 மில்லிப் புட்டியில் மிச்சம் இரண்டாம் சுற்றுக்கு. குடிக்க விரும்பாதவர் துப்பிக்கொள்ள மேசை நடுவே ஒரு பாத்திரம் வைத்தேன். "எங்க அப்பத்தா வீட்டுல பித்தளைப் படிக்கம் ஒண்ணு சும்மா கிடக்கு, கொண்டு வந்திருக்கலாம்" என்றாள் காரைக்குடித் தோழி. கடைசிவரை அதில் துப்பியது பக்கத்து வீட்டுக்காரர் மட்டுமே. பணம் கொடுத்து வாங்கியதைத் துப்ப நம்மால் முடியவில்லை.

போட்ட திட்டம்

மீனுக்கும் கோழிக்கும் வெள்ளை, ஆட்டுக்கறிக்குச் சிவப்பு என்று எங்கேயும் ஒரு விதி சொல்வார்கள். அதில் பொருள் இல்லாமல் இல்லை. சிவப்பு ஒயினில் பொதுவாக இரும்புச் சத்து கூடுதல். அது கடலுணவோடு சேரும்போது ஒரு கவிச்சை வாடை எழும்பும் என்று ஜப்பான் ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். ஆனால் மீனை என்ன செய்து மேசைக்குக் கொண்டு வந்தீர்கள் என்று அந்த விதி கேட்பதில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. எந்தப் பண்டத்துக்கு எந்தப் புட்டி என்று ஒரு பட்டியல் போட்டேன் (பெயர்களெல்லாம் திராட்சை வகைகள்; ஒயினுக்கும் அதே பெயர்தான்): வெள்ளை அஸ்பராகஸ் என்ற தண்டுக்காய்க்குச் சில்வானர். குழிப்பணியாரத்துக்கும் கொத்தமல்லிச் சட்னிக்கும் சோவினியோன் பிளாங். உளுந்து வடைக்குப் பழைய ரீஸ்லிங். வறுத்த வஞ்சிரத்துக்கு, விலையுயர்ந்த புட்டியான ஓக் பீப்பாயில் வளர்ந்த சார்டொனே. செட்டிநாட்டுக் கோழிக்குக் கெவுர்ஸ்ட்ராமினர். கடைசியில் கேசரிக்கு, இனிப்பாக இருக்கிறதே என்று மோசல் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங்; கபினெட் என்ற தர வகை, அந்த 9 யூரோ புட்டி.

தாளில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆறு புட்டியையும் காலையிலேயே குளிர்சாதனப் பெட்டியில் ஒன்றாக அடுக்கினேன். அது முதல் தவறு.

மேசையில் நடந்தது

சில்வானரும் அஸ்பராகஸும் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டும் இந்த மண்ணில் பழகிப்போன ஜோடி. சில்வானர் கொடி 1659-இல் ஃபிராங்கன் பகுதியின் காஸ்டெல் என்ற ஊரில் நடப்பட்டதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. வெள்ளை அஸ்பராகஸோ ஜூன் 24 வரைதான் அறுப்பார்கள். அதற்குமேல் செடியை வளர விட்டுவிடுவார்கள். அஸ்பராகஸில் உள்ள கந்தகச் சேர்மங்கள் வாசம் மிகுந்த ஒயின்களைக் கெடுத்து, வாயில் தகரம் வைத்த மாதிரி ஆக்கிவிடும். சில்வானருக்குப் பெரிய வாசம் கிடையாது, அதனால் தப்பிக்கிறது. வெண்ணெய் உருக்கி ஊற்றிச் சாப்பிட்டோம். எங்களுக்கு உப்பில்லாத பத்தியச் சாப்பாடு போலத்தான் பட்டது. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் கண்ணை மூடி ரசித்தார்.

சோவினியோன் பிளாங் நன்றாகப் போனது. அதில் பச்சையாக ஒரு வாசம் வரும்; குடைமிளகாயை நறுக்கும்போது எழும் வாசத்துக்கும் அதற்கும் காரணம் பைரசீன் வகையைச் சேர்ந்த ஒரே சேர்மம்தான். கொத்தமல்லிச் சட்னி அந்தப் பச்சையை இன்னும் தூக்கிக் கொடுத்தது. சட்னியில் நான் மிளகாயைக் குறைத்திருந்தேன், புளிக்குப் பதில் எலுமிச்சை பிழிந்திருந்தேன். இந்த இரண்டும் எவ்வளவு முக்கியம் என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது.

மூன்றாவதாக வந்தது பக்கத்து வீட்டுக்காரரின் பரிசு: தம்பி தோட்டத்து ரீஸ்லிங், எட்டு வருடப் பழசு. ரீஸ்லிங் என்ற பெயர் முதன்முதலில் எழுத்தில் கிடைப்பது 1435-ஆம் ஆண்டுக் கணக்கு ஏடு ஒன்றில். அந்த ஏடு எங்களுக்குப் பக்கத்து ஊரான ரூசல்ஸ்ஹைமைச் சேர்ந்தது. இன்று ஓப்பல் கார் தொழிற்சாலையால் அறியப்படும் ஊர். இதையெல்லாம் அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே யாழ்ப்பாண நண்பர் கிளாஸை மூக்கருகே கொண்டு போனவர், சட்டென்று கீழே வைத்தார்.

"அக்கா, இதுக்குள்ள மண்ணெண்ணெய் மணக்குது."

எல்லோரும் சிரித்தோம். "பகிடி இல்லை அக்கா, நீங்களே மணந்து பாருங்கோ."

பார்த்தேன். உண்மைதான். ரேஷன் கடை வரிசையில் டின்னோடு நின்ற நாட்கள் ஞாபகம் வந்தன. மொழிபெயர்த்துச் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரர் கோபப்படுவார் என்று பார்த்தால், மனிதர் கைதட்டினார். பழைய ரீஸ்லிங்கின் அடையாளமே அந்த வாசம்தானாம். டிடிஎன் என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு சேர்மம் அது. திராட்சையில் உள்ள கரோட்டின் வகைப் பொருள்கள் சிதைவதிலிருந்து உண்டாகிறது. பழத்தில் வெயில் கூடுதலாகப் பட்டாலும், புட்டி நாள்பட இருந்தாலும் ஏறும். இங்கே அதைப் பெட்ரோல் வாசம் என்பார்கள். ஜெர்மன் மொழியில் பெட்ரோலியம் என்றால் விளக்குக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய்தான்.

விளக்கு என்றதும் நண்பர் பேச ஆரம்பித்தார். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் பொன் மாதிரி. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனைகிற அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, அந்தச் சின்னச் சுடரில் படித்தவர் அவர். மோட்டார் சைக்கிளையே பெட்ரோல் சில துளி விட்டுக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்களாம். "இந்த மணம் வந்தா எனக்குச் சோதனைக்குப் படிக்கிற ஞாபகம்தான்" என்றார். பிறகு கிளாஸை மறுபடி எடுத்து மெதுவாகக் குடித்து முடித்தார். வடைக்கு அது பொருந்தியதா என்று தாளில் அவர் எதுவும் எழுதவில்லை. என் தாளில் எழுதியிருக்கிறேன்: எண்ணெய்ப் பிசுக்கைப் புளிப்பு வெட்டுகிறது, அடுத்த வடைக்குக் கை தானாகப் போகிறது.

அப்புறம்தான் வஞ்சிரம் வந்தது. யாழ்ப்பாணத்தார் அறக்குளா என்பார்கள். இங்குள்ள இலங்கைக் கடையில் உறைந்த துண்டாகக் கிடைக்கும். மிளகாய்த்தூள், மிளகு, சோம்பு, புளித்தண்ணீர் தடவி ஊறவைத்து, தோசைக்கல்லில் முறுகலாக வறுத்திருந்தேன். சார்டொனேயைத் திறந்து ஊற்றினேன். ஐஸ் தண்ணீர் மாதிரி இருந்தது, வாசமே இல்லை. காலையிலிருந்து 5 டிகிரியில் கிடந்த புட்டி. சில்வானர் மாதிரி மெல்லிய ஒயினுக்கு 8, 9 டிகிரி போதும். பீப்பாயில் வளர்ந்த கனமான சார்டொனேக்கு 11-லிருந்து 13 வரை வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடிக்கச் சொன்னார். குளிருக்கு டம்ளரைப் பொத்திக்கொள்வதுபோல் ஆறு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

சூடேறியதும் வாசம் வந்தது. வெண்ணெய், வறுத்த முந்திரி, கொஞ்சம் வனிலா. தனியாகக் குடித்தால் அருமை. மீனைக் கடித்துவிட்டுக் குடித்தால் வாயெல்லாம் தீ. அந்தத் தீக்குப் பின்னால் ஓக் மரத்தின் கசப்பு மட்டும் நாக்கில் நின்றது. "34 யூரோவுக்கு இது தேவையா?" என்பது மாதிரி என் கணவர் என்னைப் பார்த்தார். நான் மீனைப் பார்த்தேன்.

காரைக்குடித் தோழியின் கணவர் ஆய்வகத்தில் வேலை செய்பவர். அவருக்கு இந்த மாதிரி நேரத்தில்தான் உற்சாகம் பிறக்கும். ஒரு துண்டின் மேல் மசாலாவைச் சுரண்டி எடுத்துவிட்டு வெறும் வெள்ளைச் சதையைச் சாப்பிட்டுச் சார்டொனேயைக் குடித்தார். நன்றாக இருக்கிறது என்றார். சுரண்டிய மசாலாவை மட்டும் நாக்கில் வைத்துக் குடித்தார். கண்ணில் தண்ணீர். வழக்கு அங்கேயே பாதி முடிந்தது. குற்றவாளி மீனும் இல்லை, ஒயினும் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. பாவம், அவர் எழுந்து போய்க் கேசரிக்கென்று நான் ஒதுக்கி வைத்திருந்த கபினெட்டைக் கேட்காமலே திறந்தார். அதில் ஆல்கஹால் 8.5 சதவீதம்தான். ஒரு வாய் குடித்ததும் பெருமூச்சு விட்டார். அடுத்து ஆளாளுக்குக் கிளாஸை நீட்டினோம். மீன், கபினெட், மீன், கபினெட். மிளகாயின் எரிச்சல் தணிந்தது, ஆனால் மசாலாவின் ருசி போகவில்லை; சோம்பு வாசம் முன்பைவிடத் தெளிவாகவே தெரிந்தது. அந்தப் புட்டிக்கு இரண்டாம் சுற்று என்ற கணக்கெல்லாம் இல்லை. அடியில் ஒரு வாய் மட்டும் என் கணவர் கேசரிக்காக எடுத்து ஒளித்து வைத்தார்.

கோழிக்கும் கெவுர்ஸ்ட்ராமினருக்கும் நடந்தது இன்னும் சிக்கல். பெயரின் முன்பாதிக்கு ஜெர்மனில் மசாலா என்று பொருள்; அதனால்தான் செட்டிநாட்டுக்கு ஒதுக்கினேன். பெயரைப் பார்த்துப் பொருத்தம் பார்த்த கதை. அதன் ரோஜா, லிச்சி வாசமும் கோழியில் இருந்த அன்னாசிப்பூ, பட்டை வாசமும் கட்டிப்பிடித்துக்கொண்டன என்றே சொல்ல வேண்டும். மூக்குக்கு விருந்து. ஆனால் ஆல்கஹால் 14 சதவீதம், புளிப்போ குறைவு. வாய்க்கு விருந்தாகவில்லை. மிளகும் மிளகாயும் ஏற்கெனவே கிளப்பிவிட்ட எரிச்சலை அணைக்க அதனிடம் எதுவும் இல்லை.

எங்கே தவறியது

காரம் ஒரு சுவை இல்லை, சூடு. மிளகாயின் கேப்சைசின் நம் நரம்புகளில் உள்ள டிஆர்பிவி1 என்ற ஏற்பியைத் தூண்டுகிறது. உண்மையான சூட்டை உணர்வதும் அதே ஏற்பிதான். 1997-இல் அதை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. மிளகின் பைப்பரினும் அதையே தட்டும். சாதாரணமாக 42 டிகிரிக்கு மேலே போனால்தான் விழித்துக்கொள்ளும் அந்த ஏற்பி, ஆல்கஹால் இருந்தால் 34 டிகிரி அளவிலேயே விழித்துக்கொள்கிறது என்று சோதனைகள் காட்டுகின்றன. நம் உடல் சூடே 37. ஆகவே காரமான வாயில் 14 சதவீத ஒயினை ஊற்றுவது எரிகிற அடுப்பில் எண்ணெய் விடுவதுதான். புட்டி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் ஏற்பிக்கு அது தெரியாது.

இனிப்பு எரிச்சலை அடக்கும். காரம் தாங்காமல் தவிக்கிற பிள்ளைக்கு ஒரு வாய் சர்க்கரை கொடுப்பது எந்த அம்மாவுக்கும் தெரிந்ததுதான். கபினெட்டில் அந்தச் சர்க்கரை இருந்தது. ஆனால் திகட்டவில்லை, ஏனென்றால் அதற்கு நிகராகப் புளிப்பும் இருந்தது. மோசலின் குளிரும் செங்குத்தான பலகைக்கல் சரிவுகளும் பழத்தை மெதுவாகப் பழுக்க வைப்பதால் அந்தப் புளிப்பு நிற்கிறது.

இதைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. நம் இலையில் இந்த வேலையை யார் செய்கிறார்? மோர். காரக்குழம்பு, ரசம் எல்லாம் போன பிறகு மோர் வந்து வாயை ஆற்றும். குளிர்ச்சி, புளிப்பு, போதை இல்லை. நான் மீனுக்கு எது, கோழிக்கு எது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஆறு புட்டியில் எது மோர் என்று கேட்டிருந்தால் போதும், ஒன்பது யூரோ புட்டி இரண்டு வாங்கியிருப்பேன்.

கடையில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். கபினெட் என்ற சொல் ஒயினின் இனிப்பைச் சொல்வதில்லை. பறிக்கும்போது பழச்சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்பதைச் சொல்கிறது. 1971-ஆம் ஆண்டு ஜெர்மன் ஒயின் சட்டம் வகுத்த தர வரிசை அது. அந்தச் சர்க்கரை முழுக்க நொதித்து ஆல்கஹாலாகிவிட்ட கபினெட்டும் உண்டு. 'ட்ரோக்கன்', அதாவது இனிப்பில்லாத வறண்ட ஒயின், என்று போட்டிருக்கும். அதனால் அவர் பார்ப்பது ஆல்கஹால் எண்ணை. இந்த ஊர் ரீஸ்லிங்கில் 8, 9 சதவீதம் என்றால் சர்க்கரை மிச்சம் இருக்கிறது. 12-க்கு மேல் என்றால் பெரும்பாலும் எல்லாம் நொதித்துவிட்டது. இவ்வளவு எளிய விஷயத்தை ஒயின் கடைக்காரர்கள் ஏன் முதலில் சொல்வதில்லையோ.

வரிசையும் தவறு. வறண்ட ஒயின் முன்னால், இனிப்பு பின்னால் என்பது ஒயினுக்குச் சரியான வரிசை. ஆனால் நடுவில் காரம் வந்து நாக்கை மரக்க வைத்துவிட்டால் அதற்குப் பின் வருவது எதுவும் எடுபடாது. கெவுர்ஸ்ட்ராமினருக்கு நான் நியாயம் செய்யவில்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன். அதை அஸ்பராகஸ் முடிந்த கையோடு, காரமில்லாத பட்டை கிராம்பு புலாவோடு வைத்திருக்க வேண்டும்.

கேசரியைப் பற்றி ஒரு வரி. ஒளித்து வைத்த அந்த ஒரு வாய்க் கபினெட்டை என் கணவரும் நானும் பங்கு போட்டோம். அத்தனை பேரை மயக்கிய ஒயின், கேசரிக்குப் பின் எலுமிச்சைத் தண்ணீர் ஆகிவிட்டது. பண்டம் ஒயினைவிட இனிப்பாக இருந்தால் ஒயினில் புளிப்பு மட்டும்தான் மிஞ்சும்.

சொதி

ஒன்பதரை மணிக்குப் பிள்ளைகளுக்கு இடியப்பமும் சொதியும் வைத்தார் யாழ்ப்பாணத்து அம்மா. தேங்காய்ப்பால், மஞ்சள், சின்ன வெங்காயம், பிள்ளைகளுக்காக ஒரே ஒரு பச்சை மிளகாயைக் கீறாமல் போட்டது, இறக்கியபின் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு. வாய் எரிந்துகொண்டிருந்த நாங்களும் தட்டை எடுத்துக்கொண்டு போனோம். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டாம் தட்டில் இருக்கும்போது ஏதோ நினைத்தவராய், ஒதுக்கி வைத்த சார்டொனேயை ஊற்றிக் குடித்தார். பேசாமல் புட்டியை என் பக்கம் தள்ளினார்.

ஓக் மரத்திலிருந்து ஒயினுக்குள் இறங்கும் பொருள்களில் லாக்டோன் என்று ஒன்று உண்டு. அதன் வாசமே தேங்காய் வாசம். மீனோடு குடித்தபோது வெறும் கசப்பாக நின்ற அந்த மரம், தேங்காய்ப்பாலுக்குப் பக்கத்தில் வந்ததும் சொந்த வீட்டுக்கு வந்ததுபோல் ஆகிவிட்டது. சொதியின் கொழுப்பும் ஒயினின் வெண்ணெய் வாசமும் எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. இப்போது டிகிரியும் சரியாக இருந்தது. இரண்டு மணி நேரம் வெளியே நின்ற புட்டி.

"அண்ணை, இவ்வளவு காசு குடுத்து வாங்கினதுக்கு என்ர சொதிதான் வேணுமெண்டு முதலே சொல்லியிருக்கலாமே" என்று யாழ்ப்பாணத்து அம்மா என் கணவரைப் பார்த்துச் சொல்ல, இவர் பதில் பேசாமல் இன்னொரு இடியப்பம் எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் கடைசி ரயிலுக்குக் கிளம்பியபோது தூக்கில் மிச்சம் இருந்ததைப் பிடிவாதமாக வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் மத்தியானம் வீட்டில் நான் மட்டும்தான். ஆறிய சொதி, நேற்றைய இடியப்பம், முக்கால் கிளாஸ் சார்டொனே. வறுத்த மீன் ஒரு துண்டு மீந்திருந்தது. அதை நான் தொடவில்லை.